மே ஒண்ணாந்தேதிப் பூ

என் வாயில எதுவும் நிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு சேதி ஊர் பூரா போகணும்னா போஸ்டர் ஒட்ட வேணாம், எங்கிட்ட வந்து "யார்கிட்டயும் சொல்லிடாத"ன்னு சொன்னாப் போதும். நானா வேணும்னு பண்றதில்ல. யாராவது எதிர்ல வந்து "அப்புறம்?"னு கேட்டா எனக்குத் தாங்காது. ஓட்டை வாய்னு எனக்குப் பேரு வெச்சது என் சிநேகிதிதான்.

அவளும் நானும் எங்க ஊர்லயே இருக்கற மேட்டுப்பாளையத்துல ஒரே கம்பெனியில இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தோம். நான் பேக்கிங். அவ ஆபீஸ்ல, பிரான்சுலேர்ந்து ஆர்டர் கொடுக்கறவங்களுக்குக் கடுதாசி எழுதற வேலை. கம்பெனிக்குள்ள பேக்கிங்காரியும் ஆபீஸ்காரியும் சேர்ந்து டீ கூட குடிக்க மாட்டாங்க. ஆனா ரெண்டு பேருக்கும் வீடு சாரம்ங்கற ஏரியாவுல, ஏறறது ஒரே ஸ்டாப்புல. பஸ்ல எனக்கு ஜன்னல் சீட்டு வேணும், அவளுக்கும் வேணும். முதல் ஒரு மாசம் அந்த சீட்டுக்காக முறைச்சுக்கிட்டோம். அப்புறம் போகும்போது அவ, வரும்போது நான்னு பேசி வெச்சுக்கிட்டோம். சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

அவங்க சொல்தா குடும்பம். எங்க ஊர்ல சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவங்க. அவ அப்பா அப்படி. அதனால அவளைச் சேர்த்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல. தமிழ் என்னை மாதிரியேதான் பேசுவா, திட்டறதுன்னா என்னைவிட நல்லாத் திட்டுவா. ஆனா படிக்க வராது. அ எழுதிக் காட்டினா ஆவான்னு கேப்பா. கல்யாணப் பத்திரிகை வந்தா பஸ்ல எம்மேல தூக்கிப் போடுவா. "படிச்சுச் சொல்லுடி, யாருக்கு யாரு?" கரெண்ட் ஆபீஸ் காயிதம், ஆஸ்பத்திரி போர்டு, கம்பெனி நோட்டீசு, எல்லாத்துக்கும் நான்தான் அவளுக்குக் கண்ணு. நானும் சும்மா படிக்க மாட்டேன். நடுவுல சொந்தமா ரெண்டு வரி சேர்த்துடுவேன். "மணமகன் குறட்டை விடுவார்னு போட்டிருக்குடி." ஒரு நிமிஷம் நம்பிட்டு, அப்புறம் என் தொடையில ஒண்ணு வைப்பா.

மியுகேங்கற வார்த்தையும் அந்த பஸ்லதான் எனக்கு அறிமுகம். ஒரு ஏப்ரல் மாசக் கடைசி. "நாளன்னைக்கி பப்பா அம்மாவுக்கு மியுகே கொடுப்பாரு"ன்னா. எனக்கு அது மூக்கேன்னு காதுல விழுந்துச்சு. "மூக்கை எதுக்குடி கொடுக்கறாரு? உங்கம்மாவுக்கு இல்லையா?"ன்னு கேட்டேன். பின்சீட்டு வரைக்கும் சிரிச்சாங்க.

அப்புறம் அவ விளக்கிச் சொன்னா. மியுகே ஒரு பூ. பிரான்சுல காட்டுல தானா பூக்கும், சின்னச் சின்னதா, வெள்ளையா. மே மாசம் ஒண்ணாந்தேதி அதை ஒரு கொத்து பறிச்சு, மனசுக்குப் புடிச்சவங்களுக்குக் கொடுப்பாங்களாம். கொடுத்தா அந்த வருஷம் பூரா நல்லா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. அவ பப்பா பட்டாளத்துல இருந்தப்போ அங்க அதைப் பார்த்திருக்காரு. திரும்பி வந்து கல்யாணம் கட்டினதுலேர்ந்து வருஷம் தவறாம மே ஒண்ணாந்தேதி விடியற நேரத்துல சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போவாராம். ஏழு மணிக்குள்ள வந்துடுவாராம். பேப்பர்ல சுத்தின ஒரு கொத்து வெள்ளைப் பூவை அவ அம்மா கையில கொடுத்து "மியுகே"ம்பாராம். அம்மா "மெர்சி"ம்பாங்களாம், நன்றின்னு அர்த்தம். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்களாம்.

"எங்கேர்ந்து பறிக்கறாரு?"

"கேட்டா பிரான்சுலேர்ந்துன்னு சொல்வாரு. அதுக்கு மேல பேச மாட்டாரு."

நான் அந்தப் பெரியவரை நாலஞ்சு தடவை பார்த்திருக்கேன். கருவடிக்குப்பத்துல அவங்க வீடு. முதுகு வளையாம நாற்காலியில உக்காந்திருப்பாரு, வணக்கம் சொன்னா தலையை மட்டும் ஆட்டுவாரு. பொண்ணையும் கொஞ்ச மாட்டாரு, பொண்டாட்டிகிட்டயும் சிரிச்சுப் பேச மாட்டாரு. என் சிநேகிதி ஒரு தடவை சொன்னா, "வருஷத்துல முந்நூத்தி அறுபத்தி நாலு நாள் அவரு சொல்தாடி, ஒரே ஒரு நாள்தான் புருஷன்." அந்த ஒரு நாளை அவ எப்பவும் உசத்தியா வெச்சிருந்தா. எங்க வீட்டு ஆம்பளை எனக்கு வருஷத்துல ஒரு நாள் கூட கருவேப்பிலை கொத்து கொடுத்ததில்லன்னு எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்தப் பெரியவர் ஒரு கார்த்திகை மாச மழையில போயிட்டாரு. அப்போ நாங்க ரெண்டு பேரும் வேலையை விட்டு நின்னு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. அவ தம்பி பிரான்சுல, அவ மவனும் பிரான்சுல. அம்மாவைப் பார்த்துக்க இவ மட்டுந்தான். தினம் சாரத்துலேர்ந்து ஸ்கூட்டியில கருவடிக்குப்பம் போயிட்டு வருவா.

பங்குனி முடியற சமயம் ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்தா. செருப்பைக் கழட்டாமலே வாசல்ல நின்னா. "அம்மா இன்னைக்கி காலண்டரைப் பார்த்துட்டு, இந்த வருஷம் மே ஒண்ணு என்னா கிழமைன்னு கேட்டாங்கடி"ன்னா.

"கேட்டா என்னா? சொல்ல வேண்டியதுதானே."

"அவங்க எதையும் கேக்கற ஆளே இல்ல. காய்ச்சல் வந்தாக்கூட நாமளா தொட்டுப் பார்த்தாத்தான் உண்டு. அவங்க கிழமை கேட்டா என்னா அர்த்தம்? அம்பது வருஷத்துக்கு மேல கையில வந்த பூ. இந்த வருஷம் அந்தக் கை சும்மா இருக்கக் கூடாதுடி. நான் கொண்டாந்து கொடுக்கணும். ஆனா எங்க இருக்கு, அது என்னா செடி, எனக்கு ஒண்ணுமே தெரியலை."

சொல்லும்போதே அழுதுட்டா. எனக்கு யாராவது அழுதா என்னா பண்றதுன்னு தெரியாது, கோவம்தான் வரும். "அழுதா பூ வந்துடுமா? உள்ள வா, மோர் குடி. நாளைக்கே தேடலாம்"னு அதட்டினேன்.

பத்து வயசு வரைக்கும் அரியாங்குப்பம் ஆத்தோரமா ஆடு ஓட்டினவ நான். அப்புறந்தான் எங்கப்பாவுக்கு மில்லுல வேலை கிடைச்சு டவுனுக்கு வந்தோம். எந்தத் தழையை ஆடு திங்கும், எதைத் திங்காது, எதைத் தின்னா கழியும், இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வெள்ளைப் பூவைக் கண்டுபிடிக்கறது பெரிய விஷயமான்னு நெனச்சேன். அங்கதான் முதல் தப்பு பண்ணினோம்.

அவ மவன் போன்ல மியுகே படம் அனுப்பியிருந்தான். அழகான பூதான். ஒரு காம்புல சின்ன மணி மணியா வரிசையாத் தொங்குது. அதை வெச்சுக்கிட்டே நாங்க தேடினோம். "பப்பா கொடுத்தது இப்படியேவா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "இப்படி இல்ல. ஆனா வெள்ளை. நான் கல்யாணம் ஆகி வந்தே முப்பது வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் அந்த நாள்ல அங்க இருந்ததில்ல, சரியா ஞாபகம் இல்ல. பார்த்தா சொல்லிடுவேன்"னா. சரி, இதைப் போல ஒண்ணு நம்ம ஊர்லயும் இருக்கும், பெரியவர் அதைத்தான் பறிச்சிருப்பாருன்னு நானே முடிவு கட்டினேன்.

சித்திரை பொறந்ததும் போக ஆரம்பிச்சோம். சித்திரையும் வைகாசியும் இளவேனில்னு பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல படிச்சிருக்கேன். எவன் எழுதினானோ. எங்க ஊர் இளவேனில்ல ஒன்பது மணிக்கு மேல மண்டை காஞ்சுடும். அதனால ஆறு மணிக்கே அவ ஸ்கூட்டியில பின்னாடி ஏறிப்பேன். தண்ணி பாட்டில், குடை, ரெண்டு இட்லி. வில்லியனூர் தாண்டி சங்கராபரணி ஆத்துக் கரையில இறங்குவோம்.

அந்த நேரத்துல ஆத்துல தண்ணி எங்க இருக்கு? மணல், அங்கங்க குட்டை, குட்டையில கொக்கு. ஆனா கரையில பூ இருந்துச்சு. நான் நெனச்சதைவிட நிறைய இருந்துச்சு. ஆவாரை மஞ்சளா நின்னுச்சு. தரையோட தரையா கொளுஞ்சி, ஊதாக் கலர்ல. நெருஞ்சிப் பூ சூரியன் பக்கமே மூஞ்சியைத் திருப்பி வெச்சிருந்துச்சு. புங்கமரத்துக்கு அடியில பூ கொட்டி, காலை வைக்கவே மனசு வரலை. இதையெல்லாம் சின்ன வயசுல தினம் பார்த்திருக்கேன். ஆட்டுக்கு ஆகும் ஆகாதுன்னு மட்டுந்தான் பார்த்திருக்கேன். அம்பத்தஞ்சு வயசுல ஒருத்தி பக்கத்துல நின்னு "ஐயோ, இங்க பாரேன்"னு சொல்லும்போதுதான் நானும் குனிஞ்சு பார்த்தேன்.

ஒரு நாள் மணலும் புல்லும் சேர்ற இடத்துல சட்டை பட்டன் அளவுக்கு நீலப் பூவைப் பார்த்து அவ உக்காந்துட்டா. "இது என்னாது?"

"விஷ்ணுகிரந்தி. காலையில மட்டுந்தான் விரியும். மத்தியானம் வந்தீன்னா இங்க பூ இருந்த அடையாளமே இருக்காது."

"இது நம்ம ஊர்ப் பூவா, சீமைப் பூவா?"

"நம்ம ஊருதான். சீமையிலேர்ந்து வந்ததுக்கெல்லாம் பேருலயே சீமைன்னு வெச்சிடுவாங்க. சீமைக்கருவேலம், சீமை அகத்தி. நீ கூட சீமைதான்."

முதுகுல ஒண்ணு வெச்சா.

வெள்ளைப் பூ கிடைக்காம இல்ல. தும்பையைக் காட்டினேன், இல்லன்னா. நுணாப் பூவைப் பறிச்சு மோந்து பாருன்னேன். கண்ணை மூடிக்கிட்டு மோந்தா. "வாசனை நல்லா இருக்கு, ஆனா இது இல்ல." எருக்கு வெள்ளையா இருந்த ஒரு இடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். "பப்பா என்னா, எருக்கம்பூவைக் கொடுக்கறதுக்கு பைத்தியமா?"ன்னு கோவிச்சுக்கிட்டா. அஞ்சு நாள், ஆறு நாள் போச்சு. மணி மாதிரித் தொங்கற வெள்ளைப் பூ ஒண்ணு கூட எங்க கண்ணுல படலை. மே மாசம் வேற கிட்ட வந்துக்கிட்டு இருந்துச்சு.

ஏழாவது நாள்னு நெனைக்கறேன், புங்கமரத்து நிழல்ல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருந்தோம். அவ செருப்புல ஒட்டியிருந்த மணலைத் தட்டினா. தட்டிக்கிட்டே சிரிச்சா. "மே ஒண்ணாந்தேதி ஆனா அம்மா பூவை வாங்கிக்கிட்டு மெர்சின்னு சொல்லிட்டு, அடுத்த நிமிஷமே பப்பாவைப் புடிச்சுக் கத்துவாங்க. வீடெல்லாம் சேறு, கறுப்பா, என்னா நாத்தம்னு. தொடப்பத்தை எடுத்துக்கிட்டு..."

எனக்கு இட்லி தொண்டையிலேயே நின்னுடுச்சு. "என்னா சேறு?"

"சேறு. கறுப்புச் சேறு. சைக்கிள் டயர்லாம் இருக்கும்."

"அடிப்பாவி! இதை ஏண்டி இத்தினி நாள் சொல்லலை?" எந்திரிச்சு நின்னு கத்தினேன். "இங்க எங்கடி இருக்கு கறுப்புச் சேறு? இது மணல் ஆறு! நாத்தமடிக்கற சேறு கடல் தண்ணி ஏறி இறங்கற இடத்துலதான் இருக்கும். அரியாங்குப்பம் பக்கம், முகத்துவாரத்துக்கிட்ட. என் சொந்த ஊருடி அது! ஏழு நாளா என்னை வில்லியனூர்ல வேக வெச்சிருக்கியே!"

"நீதானே இங்க கூட்டியாந்த?"ன்னா அவ. அதுவும் நிஜந்தான்.

மறுநாளே அரியாங்குப்பம் போனோம். பாலம் தாண்டி இறங்கி, ஆத்தோரமா ஒத்தையடிப் பாதை. தண்ணி வடிஞ்சிருந்துச்சு. அலையாத்திச் செடியெல்லாம் வேரைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு, நண்டு ஓடுச்சு. அந்தச் சேத்து நாத்தம் மூக்குல ஏறினதும் எனக்கு என் அம்மா ஞாபகமே வந்துடுச்சு. ஆனா என் கண்ணு அப்பவும் மணி மணியா எதையாவது தேடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவ எனக்கு முன்னாடி போய்க்கிட்டிருந்தா. திடீர்னு நின்னா.

"இதுதான்."

கறுப்புச் சேத்து விளிம்புல, ஆள் உசரத்துக்குப் புதர். அடர்பச்சையா, பளபளன்னு தடிச்ச இலை. நடு நடுவுல மூணு மூணா வெள்ளைப் பூ. நீளமா மெல்லிசா ஒரு குழாய், நுனியில அஞ்சு இதழ், அதுக்குள்ளேர்ந்து ஊதாக் கலர்ல மீசை மாதிரி நூல் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அவ ஒரு கொத்தை இழுத்து மோந்து பார்த்தா. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. "இதுதாண்டி. இந்த மீசை. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது இதை இழுத்து இழுத்து விளையாடியிருக்கேன். இதுதான் எங்க பப்பாவோட மியுகே."

அந்த இடத்துல நான் என்னா பண்ணியிருக்கணும்? அவ தோளைப் புடிச்சு "கிடைச்சுடுச்சுல்ல"ன்னு சொல்லியிருக்கணும். மனுஷியா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பா. நான் சிரிச்சேன். சேத்துல குந்திக்கிட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

"பீநாறிடி இது! பீநாறி!"

அதான் அந்தச் செடிக்கு எங்க ஊர்ல பேரு. சங்கங்குப்பின்னு இன்னொரு பேரும் இருக்காம், பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். எங்களுக்கு அது பீநாறிதான். தழையைக் கசக்கினா அப்படி ஒரு நாத்தம். ஆடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். உடம்புல சொறி சிரங்கு வந்தா இந்தத் தழையைப் போட்டுத் தண்ணி காய்ச்சி ஊத்துவாங்க, நாங்க ஊரைக் கூட்டற மாதிரி அழுவோம். அதுல பூ பூக்கும்னு எனக்குத் தெரியும், ஆனா அதைப் பூன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. சிரிப்பு அடங்காம இன்னொண்ணும் சொல்லிட்டேன்.

"அம்பது வருஷமா உங்க பப்பா உங்கம்மாவுக்கு பீநாறியையா கொடுத்திருக்காரு!"

நிமிர்ந்து பார்த்தேன். அவ மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. கையில இருந்த கொத்து கீழ விழுந்து கிடந்துச்சு.

"உனக்கு எல்லாம் தமாஷ்"னா. அவ்வளவுதான் சொன்னா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். சாரத்துல எங்க தெருமுனையில வண்டியை ஆஃப் பண்ணாம நிறுத்தினா, நான் இறங்கினேன், போயிட்டா.

முதல் நாள் எனக்கு அவ மேல கோவம். நானா அதுக்குப் பேரு வெச்சேன்? நாறினா நாறுதுன்னுதானே சொல்வாங்க? ரெண்டாம் நாள் சோறு இறங்கலை. அந்த மனுஷன் பொண்டாட்டிகிட்ட அன்பைக் காட்டினது வருஷத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளைப் பத்திரமா வெச்சிருந்தவகிட்ட, அதுவும் அவரு செத்து ஆறு மாசம் கூட ஆகாதப்போ, நான் போய் பீயின்னு சொல்லியிருக்கேன். என் வாயைக் கொண்டு போய் எதுலயாவது அடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. போன் பண்ணினேன், எடுக்கலை. இன்னொரு தடவை பண்ணினேன். எடுக்கலை.

அப்போதான் இன்னொண்ணு உறைச்சுது. எங்க கம்பெனி காம்பவுண்டு ஓரமா நீட்டா வேலி கட்டியிருந்துச்சே, அதுவும் இதே செடிதான். மாசா மாசம் கத்தரி போட்டுச் சமமா வெட்டி, பூக்கவே விட மாட்டாங்க. இருபது வருஷம் நானும் அவளும் அதை ஒட்டித்தான் பஸ்சுக்கு நடந்திருக்கோம்.

முப்பதாந்தேதி சாயங்காலம் அவளே போன் பண்ணினா. ஹலோ கூட சொல்லலை. "காலையில அஞ்சரைக்கு வரேன். ரெடியா இரு."

"நான் சொன்னது தப்புடி..."

"தப்புதான். கேளு. எங்கம்மா ஏழு வயசுலேர்ந்து கான்வென்டுல வளர்ந்தவங்க. செடி கொடியெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. பப்பா மியுகேன்னா அவங்களுக்கு அது மியுகேதான். அவங்க காதுல அந்தப் பேரு விழுந்துச்சுன்னா உடைஞ்சு போயிடுவாங்க. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"உன் ஓட்டை வாய் மேல இல்ல. உன் பசங்க மேல."

பசங்க மேல சத்தியம் பண்ணினேன்.

மே ஒண்ணாந்தேதி விடிஞ்சும் விடியாம போய்ப் பறிச்சோம். அவ சேத்துல இறங்கினா, நான் பேப்பரை விரிச்சுப் புடிச்சேன். தழையை ரொம்ப கசக்காம, பூக்கொத்தா பார்த்துப் பார்த்து ஒடிச்சா. ஒடிக்கும்போது வாசனை நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஏழு மணிக்குள்ள கருவடிக்குப்பம் வந்துட்டோம்.

அம்மா குளிச்சு, வெள்ளைப் புடவை கட்டி, கூடத்துல உக்காந்திருந்தாங்க. பக்கத்துல பெரியவர் நாற்காலி காலியா இருந்துச்சு. அவங்க கை ரெண்டும் மடியில இருந்துச்சு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு கை தானா கொஞ்சம் மேல எழும்பினதை நான் பார்த்தேன். என் சிநேகிதி கிட்ட போய், பேப்பரை நீட்டி, "மியுகே"ன்னா.

அம்மா வாங்கிக்கிட்டாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. "மெர்சி"ன்னாங்க. அப்புறம் கீழ பார்த்து, "வீடெல்லாம் சேறு ஆக்கிட்டீங்க"ன்னாங்க. என் சிநேகிதி அழுதுக்கிட்டே சிரிச்சா. காப்பி போடறேன்னு உள்ள ஓடிட்டா.

கூடத்துல நானும் அவங்களும் மட்டுந்தான். நான் வாயைக் கெட்டியா மூடிக்கிட்டு சுவத்துல இருந்த மாதா படத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்க கொத்துலேர்ந்து ஒரு இலையைக் கிள்ளினாங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுக் கசக்கி, மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. எனக்கு உயிரே இல்ல. போச்சுடா, எம்பேச்சு இல்லாமலே காரியம் கெட்டுதுன்னு நெனச்சேன்.

அவங்க சிரிச்சாங்க. "நீ எந்த ஊரும்மா?"

"அரியாங்குப்பம் பக்கங்கம்மா. இப்ப சாரம்."

"நானும் அந்தப் பக்கந்தான். கான்வென்டுல சேர்க்கறதுக்கு முன்னாடி ஆத்தோரத்துலதான் இருந்தோம். சிரங்கு வந்தா எங்கம்மா இந்தத் தழையிலதான் குளிப்பாட்டுவாங்க." குரலைத் தாழ்த்தினாங்க. "இதுக்கு என்னா பேருன்னு உனக்குத் தெரியும்ல?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். சத்தியம் பண்ணியிருக்கேனே.

"முதல் வருஷம் கொண்டாந்து நீட்டினப்போ எனக்கு சிரிப்பு தாங்கலை. அடக்கிக்கிட்டேன். அங்க பார்த்த பூவை எனக்குக் காட்டணும்னு இந்த மனுஷன் விடிய விடிய அலைஞ்சு, சேத்துல இறங்கி, இருக்கறதுலயே வெள்ளையா ஒண்ணைக் கொண்டாந்திருக்காரு. அவருகிட்ட போய் அந்தப் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு வருமா? அப்புறம் வருஷா வருஷம். சண்டை வரும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்லியிருந்தா அந்தச் சண்டையில நான் ஜெயிச்சிருப்பேன். அடுத்த மே மாசம் பூ வந்திருக்காது."

உள்ள டம்ளர் சத்தம் கேட்டுச்சு. அவங்க என் கையைப் புடிச்சாங்க. அந்த விரல்ல பீநாறி வாசம்.

"எம்பொண்ணுக்குத் தெரிய வேணாம். பப்பா மியுகேதான் கொடுத்தாருன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. தெரிஞ்சா தாங்க மாட்டா. நீ சொல்லிடாத, என்னா?"

சொல்ல மாட்டேன்னேன். அப்படி ஒரு இக்கட்டு எனக்கு வாழ்க்கையில வந்ததில்ல. பொண்ணுக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லக் கூடாது, அம்மாவுக்குத் தெரியும்னு பொண்ணுகிட்ட சொல்லக் கூடாது. ரெண்டு பேரையும் ஒரே கூடத்துல வெச்சு நடுவுல ஓட்டை வாய் என்னை உக்கார வெச்சா எப்படி இருக்கும்? காப்பி வந்துச்சு. சுடச்சுட ஒரே மடக்குல குடிச்சு நாக்கைப் பொசுக்கிக்கிட்டேன். "ஏண்டி, பேய் பிடிச்ச மாதிரி இருக்க?"ன்னா என் சிநேகிதி. ஒண்ணுமில்லன்னேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மே மாசம் பறிச்சுக்கிட்டுப் போய்க் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் மியுகே, மெர்சி, வீடெல்லாம் சேறு. ஒவ்வொரு தடவையும் அம்மா எங்கிட்ட ஒரு பார்வை பார்ப்பாங்க, பொண்ணு எங்கிட்ட ஒரு பார்வை பார்ப்பா. நான் மாதா படத்தைப் பார்ப்பேன். இந்தத் தை மாசம் அம்மா போயிட்டாங்க.

இந்த மே ஒண்ணாந்தேதி பூவைக் கல்லறைக்குக் கொண்டு போனோம். அவ ரெண்டு பங்காப் பிரிச்சா. பப்பாவுக்குக் கொஞ்சம், அம்மாவுக்குக் கொஞ்சம். ஈரப் பேப்பரை மடிச்சுக்கிட்டே சொன்னா, "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சுடி. இந்த வாயை வெச்சுக்கிட்டு நீ எப்படித்தான் காப்பாத்தினியோ." சொல்லிட்டு என் தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டா. அவ அப்படியெல்லாம் செய்யற ஆளே இல்ல. அவங்கப்பா மாதிரிதான் அவளும்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "ஆமாம்"னேன்.

இப்ப எழுதிட்டியே, எழுதறதும் சொல்றதுதானேன்னு நீங்க கேக்கலாம். அவளுக்குத் தமிழ் படிக்க வராதுன்னு சொன்னேன் இல்ல? அந்த தைரியத்துலதான் எழுதறேன். நான் என்னமோ எழுதியிருக்கேன்னு கேள்விப்பட்டு ஒரு நாள் இதைத் தூக்கிக்கிட்டு வருவா. எம்மேல போட்டு "படிச்சுச் சொல்லுடி"ம்பா. எல்லாத்தையும் படிப்பேன். பஸ்ஸை, மூக்கை, வில்லியனூர்ல அவ என்னை வேக வெச்சதை, நான் சேத்துல குந்திக்கிட்டு சிரிச்ச பாவத்தை, ஒண்ணு விடாம. அவ காப்பி போட உள்ள போற இடம் வந்ததும் ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பி, "அம்மா பூவை மடியில வெச்சுக்கிட்டு அப்படியே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, காப்பி வந்துச்சு, குடிச்சோம்"னு படிச்சுடுவேன்.